பழைய ஆட்டமும் இருபத்தாறு எழுத்தும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எமக்கு முன் பேசிய பெருமக்கள் சிலம்பின் சுவையையும் குறளின் திறத்தையும் எடுத்துரைத்து அமர்ந்துள்ளனர். அவ்வரிசையில், பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, கூட்ஸ் ஆபீசில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எம்மைப் போன்ற ஓர் எழுத்தர் எழுந்து நிற்பதே துணிவுதான். அதிலும் யாம் எடுத்துக்கொண்ட பொருள் வீடியோ ஆட்டம்! "பிள்ளைகள் கெட்டுப்போவதற்கு இது ஒன்று போதாதா?" என்று முன்வரிசையில் அமர்ந்துள்ள மாமி ஒருவர் முணுமுணுப்பது எம் செவியிலும் விழுகிறது. பொறுத்தருள வேண்டுகிறோம். யாம் பேசவிருப்பது கைப்பேசியில் காசு பிடுங்கும் இன்றைய ஆட்டங்களைப் பற்றியன்று. நாற்பதாண்டு மூத்த ஆட்டங்களைப் பற்றியும், அவற்றைத் திறந்து யாம் வீட்டிலிருந்தே செய்துவரும் சிறு திருத்தங்களைப் பற்றியுமே.

1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள் ஜப்பான் நாட்டு நின்டெண்டோ நிறுவனத்தார் 'ஃபேமிகாம்' என்னும் ஆட்டப் பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதனை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உயெமுரா என்பார், 2021-இல் மறைந்தார். அப்பெட்டியின் சாயலில் பிறர் செய்த பெட்டிகள் 1990-களில் நம் நாட்டுக் கடைவீதிகளை நிறைத்தன. 'சாமுராய்' என்ற பெயர் பொறித்த பெட்டியை எம் வயதினர் மறந்திரார். தொலைக்காட்சியின் பின்புறத்தில் ஒரு கம்பியைச் செருகி, பெட்டியின் வாயில் கேசட்டை அழுத்தி, படம் வராவிடின் கேசட்டை உருவி அதன் அடியில் 'பூ' என்று ஊதி மீண்டும் செருகுவோம். ஊதியதால் படம் வந்தது என்று அன்று நம்பினோம். உண்மையில், உருவிச் செருகியபோது தொடுகம்பிகள் சரியாகப் பொருந்தியதே காரணம். எச்சில் ஈரம் கம்பிகளுக்குக் கேடுதான் செய்தது.

இக் கரக்பூர்க் காலனியில் எம் தந்தையார் குடியிருந்த வரிசையில் அப்பெட்டி ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. மற்றவர்க்குக் கோல்பஜார்க் கடையொன்றில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கோடை விடுமுறையில் அவ்வீட்டுக் கூடத்தில் தெலுங்கர், வங்காளி, பீகாரி, ஒரியர், தமிழர் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் கூடுவோம். எங்களுள் ஒருவன் மொழி மற்றவனுக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் ஆட்டம் எங்களுள் எவர் மொழியிலும் பேசவில்லையாதலால் எவர்க்கும் குறையில்லை. திரையில் தோன்றிய நாலைந்து ஆங்கிலச் சொற்களையும் யாரும் எழுத்துக் கூட்டிப் படித்ததில்லை. படத்தைக் கண்டு கொள்வது போலவே அவற்றையும் கண்டுகொண்டோம். இச்செய்தியைச் சற்றே நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அக்காலக் கேசட்டுகள் சிலவற்றின் மேல் '99,99,999 ஆட்டங்கள்' என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆட்டங்களே. அதே ஆட்டம் வேறு பெயரில் இடைக் கட்டத்திலிருந்து தொடங்கும்; மற்றொரு பெயரில் கூடுதல் உயிர்களோடு தொடங்கும். கடைக்காரரைத் திட்டிக்கொண்டே ஆடினோம். எவரோ ஒருவர் ஆட்டத்தைத் திறந்து, ஓர் எண்ணை அழித்து வேறோர் எண்ணை எழுதியிருக்கிறார் என்பது எம் சிற்றறிவுக்கு அன்று எட்டவில்லை. எட்டியபோது எமக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது.

பிறர் செய்த ஆட்டத்தைத் திருத்துவது இழிந்த தொழில் என்று எவரும் கருதிவிட வேண்டா. 1980-இல் ஜப்பானிலிருந்து வந்த 'பாக்-மேன்' ஆட்டத்தை 1981-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து இளைஞர் சிலர் திருத்தி, 'கிரேசி ஆட்டோ' என்று பெயரிட்டனர். அத்திருத்தத்தையே மிட்வே நிறுவனத்தார் விலைக்கு வாங்கி, 1982-இல் 'மிஸ் பாக்-மேன்' என்று வெளியிட, அது மூலத்துக்கு இணையான புகழ் பெற்றது. 1997-இல் 'நெஸ்டிகிள்' என்னும் நிரல் வந்தது. பழைய பெட்டியைப் போலவே கணினியை நடிக்கச் செய்யும் அந்நிரலுக்குள் படங்களைத் திருத்தும் கருவியும் இருந்தமையால், உலகெங்கும் வீட்டிலிருந்தே ஆட்டங்களைத் திருத்துவோர் பெருகினர். 2006-இல் ஜப்பானிய மொழியில் மட்டும் வெளிவந்த 'மதர் 3' என்னும் ஆட்டத்தை, ஊதியம் எதுவுமின்றி ஆங்கிலத்தில் பெயர்த்து 2008-இல் வெளியிட்டோரும் இத்தகைய ஆர்வலரே. தம் மொழியில் ஆட வேண்டும் என்ற ஆசை எமக்கு மட்டும் உரியதன்று.

இனி எம் வேலைக்கு வருவோம். யாம் எடுத்துக்கொண்டது 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்'. ஷிகெரு மியமோட்டோ, தகாஷி தெசூகா ஆகியோர் உருவாக்கி 1985 செப்டம்பர் 13-இல் ஜப்பானில் வெளிவந்தது. இவ்வாட்டம் முழுமையும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கும். இவ்விழா அழைப்பிதழைப் படமெடுத்துக் கைப்பேசியில் அனுப்பினீர்களே, அப்படம் ஒன்றே இதனினும் பன்மடங்கு பெரிது. நாற்பதில் 32 கிலோபைட் கட்டளைகள். 8 கிலோபைட் படங்கள். தலைப்புப் பக்கத்தின் அமைப்புக்குக் கட்டளைப் பகுதியில் இடமில்லாமல், அதைப் படக் கிடங்கின் கோடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சிறு குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தும் நம் இல்லத்தரசியர் அரிசிப் பானையைக் கட்டிலுக்கடியில் வைப்பது போன்ற சிக்கனம்!

எம் பழைய கேசட்டை ஒரு படிக்கும் கருவியில் செருகி, உள்ளிருந்தவற்றைக் கணினிக்கு மாற்றினோம். திறந்து பார்த்தால் எண்கள், எண்கள், எண்களே. கண்டவுடன் எமக்கு அச்சம் வரவில்லை. வீட்டுக்கு வந்தது போல் இருந்தது. இருபதாண்டுகளாக யாம் பார்ப்பது அதைத்தானே? பேரேட்டில் இன்ன பக்கம், இன்ன வரி, அவ்வரியில் இன்ன தொகை. ஆட்டப் பெட்டியின் நினைவகமும் ஒரு பேரேடே. அதில் 2,048 வரிகள் உண்டு. 1,882 என்று எண்ணிட்ட வரியில் மாரியோவின் உயிர்க் கணக்கு எழுதப்படுகிறது. 206 என்ற எண்ணைக் கண்டால் 'சொன்ன வரியில் ஒன்று குறை' என்று பெட்டி பொருள்கொள்ளும். 173 என்றால் 'சொன்ன வரியை எடுத்துப் பார்' என்பது பொருள். மாரியோ குழியில் விழும்போது ஓடும் கட்டளையில் 206-ஐ அழித்து 173 என்று எழுதினோம். ஒரே ஒரு எண்தான். குறைக்க வேண்டிய இடத்தில் பெட்டி வெறுமே பார்த்துவிட்டுப் போயிற்று. மாரியோ சாவை வென்றான்.

எம் மகன் அப்போது மூன்றாம் வகுப்பு. தெருப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து, "எங்கப்பா சாகாத மாரியோ செய்திருக்கிறார்" என்று காட்டினான். ஒரே ஆரவாரம். இரண்டாம் நாள் மாலை அவனே கைப்பிடியை வைத்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான். "ஏனப்பா?" என்றோம். "விழுந்தால் ஒன்றும் ஆகவில்லையே அப்பா" என்றான். சாகாதவனுக்குக் குழியும் ஒன்றுதான், மேடும் ஒன்றுதான் போலும். அன்றிரவே 173-ஐ மீண்டும் 206 ஆக்கினோம். மாறாகத் தொடக்கத்தில் எழுதப்படும் 2 என்ற எண்ணை 4 ஆக்கினோம். பேரேட்டில் 2 என்றிருந்தால் திரையில் 3 உயிர் என்று காட்டும். எனவே 4-க்கு ஐந்து உயிர். அந்த ஐந்தோடு காலனி ஆட்டம் இன்றும் நடைபெறுகிறது.

படங்களையும் தொட்டோம். ஒவ்வொரு படமும் 8 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம் உள்ள சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு 16 பைட்டு. இத்தகைய கட்டங்கள் 512 உண்டு; பாதி பின்னணிக்கு, பாதி ஓடியாடும் உருவங்களுக்கு. வானத்து மேகத்தை நீராவி எஞ்சினின் புகை போல் மாற்றி வரைந்தோம். வரைந்து பார்த்தால், தரையில் இருந்த புதர்களும் பச்சைப் புகையாக மாறியிருந்தன! மேகமும் புதரும் ஒரே கட்டங்கள்; வண்ணம் மட்டுமே வேறு. 1985-இல் அவர்கள் காத்த சிக்கனத்தின் நயம் அது. பிள்ளைகள் பச்சைப் புகையைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தமையால் அதனை அப்படியே விட்டுவைத்துள்ளோம்.

இவையெல்லாம் பொழுதுபோக்கு. எம்மை உறக்கமின்றி வைத்த வேலை வேறு.

எம் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. வீட்டில் தமிழ் பேசுவாள், தெருவில் இந்தியும் வங்காளமும் பேசுவாள், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் எழுத்து மட்டும் ஏறவில்லை. சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சேர்த்தோம். அரிச்சுவடியைக் கண்டாலே வயிற்றுவலி வந்துவிடும். அவளை மட்டும் சொல்வானேன்? அவ்வகுப்பில் வரவரக் காலியாகும் பெஞ்சுகளை நாம் எல்லோரும் காண்கிறோம். புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் எம் தாயார் நான்காம் வகுப்புப் படித்தவர். பொங்கல்தோறும் பேத்திக்கென்று தம் கைப்பட ஓர் இன்லண்டு கடிதம் எழுதுவார். உறையின் மேல் பேத்தியின் பெயர், படிப்பவரோ யாம். "அப்பத்தா என்ன எழுதியிருக்கு, படிங்கப்பா" என்பாள். அவளுக்கென்று எழுதிய கடிதத்தை எம் குரலில் அவள் கேட்க வேண்டியிருந்தது எமக்கு ஒவ்வோர் ஆண்டும் உறுத்தியது.

நாலைந்து ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டாமலே சிறுவயதில் யாம் கண்டுகொண்டதைச் சொன்னோம் அல்லவா? அவ்வாறே தமிழ்ச் சொற்களும் பதியாவோ என்று எண்ணினோம்.

இவ்வாட்டத்தில் எழுத்துகளுக்கென உள்ள கட்டங்கள் 36. 0 முதல் 9 வரை எண்கள். 10 முதல் 35 வரை ஆங்கில எழுத்துகள். மாரியோவின் பெயர் உள்ளே 22, 10, 27, 18, 24 என்று எழுதப்பட்டிருக்கும். மற்றக் கட்டங்கள் செங்கல், குழாய், மேடு ஆகியவற்றுக்கு உரியவை. அவற்றில் கைவைத்தால் ஆட்டம் சிதையும். ஆக, நமக்குக் கிடைத்தவை 26 கட்டங்கள். நம் எழுத்துகளோ 247! மேலும், ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை இடமோ அத்தனை இடத்துள் தமிழும் அடங்க வேண்டும்.

உலகத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு ஐந்து இடம். 'உலகம்' நான்கே எழுத்து; ஓரிடம் மிச்சம். காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு நான்கு இடம். 'நேரம்' என்பதை இரட்டைக்கொம்பு, ந, ர, ம் என்று பிரித்தால் சரியாக நான்கு. இவ்விரண்டும் தாமே வந்து பொருந்தியபோது யாம் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. 'மாரியோ' மட்டும் அடங்கவில்லை. துணைக்கால்களையும் கொம்பையும் சேர்த்து எண்ணினால் ஆறு, இருப்பதோ ஐந்து. கடைசி எழுத்தை வெட்டினோம். 'மாரி' ஆனான். இத்தாலியத் தச்சனாகப் பிறந்து பின்னர்க் குழாய்த் தொழிலாளியானவன், எம் வீட்டில் நல்ல தமிழ்ப் பெயர் பெற்றான். அவன் தம்பி மாரன். ஆட்டம் தோற்றால் வரும் சொற்களுக்கு இடைவெளி உட்பட ஒன்பது இடம். 'ஆட்டம் முடிந்தது' என்றால் பத்து. 'ஆட்டம் முடிவு' என்றால் எட்டு. 'ஒருவர் ஆடுவது' என்பதை '1 ஆள் ஆட்டம்' என்றோம். மிக உயர்ந்த புள்ளியைக் குறிக்கும் இடத்தில் 'முடி' என்று வைத்தோம். மணிமுடி என்று கொள்க. இளவரசியைத் தேடிக் கோட்டையை அடைந்ததும் வரும் செய்தியை 'நன்றி மாரி! அரசி வேறு கோட்டையில்!' என்று அமைத்தோம். பல இரவுகள் பேரேட்டுத் தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தபின், எல்லாச் சொற்களுக்கும் வேண்டிய வடிவங்கள் இருபத்தாறு என்று கணக்கு முடிந்தது. ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை.

பின் அவற்றை வரைய வேண்டும். எட்டுக்கு எட்டுப் புள்ளியில், அடுத்த எழுத்தோடு ஒட்டாதிருக்க ஒரு புள்ளி விட்டால் ஏழு. கட்டத்தாள் வாங்கிப் பென்சிலால் நிரப்பினோம். 'ட' வரைவது விளையாட்டு. நேர்கோடு இரண்டு போதும். 'க' அடங்கிற்று. 'ஆ' என்னும் எழுத்தின் சுழியைச் சுருக்கச் சுருக்க அது நத்தை போலாயிற்று. 'றி' எழுத்துக்கு வளைவு கொடுக்க இடமேயில்லை. இணைக்கொம்பின் இரு சுழிகளையும் இரண்டு ஓட்டைகளாக்கினோம். மெய்யெழுத்தின் புள்ளிக்கு மேல்வரிசையை விட்டதால் 'ம்' குள்ளமாயிற்று. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்த பெரியவர்கள் இங்கு இருப்பின் எம் வேதனையை அறிவர். 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ணை, லை முதலியவற்றின் தனி வடிவங்கள் ஒழிந்தமை எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை யாம் கட்டத்தாளின் முன் அமர்ந்துதான் உணர்ந்தோம்.

எம் மகள் இவ்வாட்டத்தை ஒரு கோடை முழுதும் ஆடினாள். யாம் எதுவும் கற்பிக்கவில்லை; 'படி' என்று ஒருமுறையும் சொல்லவில்லை. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டோம். கோரமண்டல் வண்டியில் சென்னை சென்று, எழும்பூரில் இரவு வண்டி ஏறி, விடியுமுன் புதுக்கோட்டையில் இறங்கினோம். அரைத் தூக்கத்தில் நடைமேடையில் நின்றவள் பெயர்ப் பலகையை அண்ணாந்து பார்த்து, "அப்பா, கோட்டை!" என்றாள். முன்னால் உள்ள எழுத்துகள் அவளுக்குத் தெரியவில்லை. "அரசி இந்தக் கோட்டையிலா?" என்று தம்பி கேட்டான். எம் மனைவியார் சிரித்தார். யாம் பெட்டிகளை எண்ணுவது போல் குனிந்துகொண்டோம்.

அவ்வாண்டுப் பொங்கல் கடிதத்தை அவள் தானே பிரித்தாள். இருபத்தாறு வடிவங்கள் மட்டுமே அறிந்தவள் ஆதலால், பல் விழுந்த வாய் போல் வரிக்கு வரி ஓட்டை. "இது என்னப்பா? இது என்னப்பா?" என்று ஒவ்வோர் ஓட்டையாகக் கேட்டாள். அக்கடிதம் படித்து முடிய நான்கு நாள் ஆயிற்று. மற்ற எழுத்துகளை அவள் கற்றது ஆட்டத்தில் அன்று, அப்பத்தாவின் கடிதத்தில். ஆட்டம் என்ன செய்தது என்று கேட்பீராயின், ஓட்டைகளை அவள் கண்ணுக்குக் காட்டியது என்பதே எம் மதிப்பீடு. அதனினும் மிகுதியாகச் சொன்னால் பொய்யாகும். எம் மகனுக்கு இன்னும் 'ஆட்டம் முடிவு' மட்டும்தான் தெரியும். அதை அவன் நன்றாகவே அறிவான்.

"இது பிறர் உடைமையன்றோ? திருத்த நமக்கு என்ன உரிமை?" என்று சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆட்டத்தை யாம் எவர்க்கும் படியெடுத்துக் கொடுப்பதில்லை, விற்பதுமில்லை. இத்துறையினர் திருத்தப்பட்ட எண்களை மட்டும் தனி ஏடாகத் தொகுத்துப் பகிர்ந்துகொள்வர். நம் இரயில்வேயில் விதிப் புத்தகத்துக்குக் 'கரெக்ஷன் ஸ்லிப்' வருகிறதே, அதுவே தான். புத்தகம் உள்ளவனுக்குத்தான் ஸ்லிப் பயன்படும். எம் ஸ்லிப்பும் அத்தகையதே.

இம்முயற்சியைக் கண்ட ஓய்வுபெற்ற கார்டு மாமா ஒருவர் எம்மிடம் சினந்துகொண்டார். "எல்லாம் சரி தம்பி, தமிழில் ஓர் ஆட்டம் செய்துவிட்டு அதில் ழகரத்தை விட்டுவிட்டாயே, இது தகுமா?" என்றார். "இடமில்லை மாமா" என்றோம். "இடம் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கட்டளையை மேற்கொண்டு இப்போது வேறோர் ஆட்டத்தைத் திறந்துள்ளோம். அதில் எழுத்துக்கு 60 கட்டங்கள் கிடைக்கும் போல் தெரிகிறது. எட்டுப் புள்ளிக்குள் 'ழ' எழுத்தின் வால் அடங்க மறுக்கிறது. கோலத்தில் கைதேர்ந்த தாய்மார்கள் இங்குப் பலர் உள்ளீர்கள். புள்ளிக் கணக்கு எம்மைவிட உங்களுக்கு நன்கு வரும். கட்டத்தாளும் பென்சிலும் யாம் தருகிறோம்.

சங்கத்து நூலக அறையில் ஞாயிறுதோறும் மாலை 4 மணிக்குக் கணினியும் கைப்பிடி இரண்டும் இருக்கும். வகுப்பு முடிந்த பிறகே ஆட்டம் என்பது செயலாளர் அவர்களின் நிபந்தனை. அதற்கு யாம் உடன்பட்டுள்ளோம். பிள்ளைகளை அனுப்பி வையுங்கள்.